பின் டயர் திரும்பத் திரும்பப் பஞ்சர். ஆடிக் காத்துல நெல்லை–பாபநாசம் 100 கி.மீ. சுற்றுக்கு எந்த வழி?

கொக்கிரகுளம் சைக்கிள்:

வணக்கம். ரெண்டு சந்தேகம், ரெண்டுக்கும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒண்ணு: ரோடு சைக்கிள், 700x25 டயர் (25 மி.மீ. அகலம்), சாதா டியூப், பிரெஸ்டாங்கிற ஒல்லி வால்வு. என் எடை 72 கிலோ. காத்து முன்னும் பின்னும் 110 பி.எஸ்.ஐ. ரெண்டு வாரத்துல பின் சக்கரம் மட்டும் மூணு தடவை பஞ்சர். ஒவ்வொரு தடவையும் புது டியூப் போட்டாச்சு. வீட்டுல ராத்திரி முழுக்க நிறுத்தினா காத்து இறங்கல. ரோட்டுல 10, 12 கி.மீ. போனதும் இறங்கிருது. டயரைத் தடவிப் பாத்தேன், கையில ஒண்ணும் தட்டல. ரிம் டேப்பா (ரிம்முல ஸ்போக் துளையை மூடுற பட்டை), டியூப்பா, என்ன கோளாறு?

ரெண்டு: வர்ற ஞாயித்துக்கிழமை 100 கி.மீ. சுத்தணும். நாலு வழிச் சாலை வேண்டாம். ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் பக்கம் போகவா, அம்பை, பாபநாசம் பக்கம் போகவா? கிழக்க போனா திரும்பி வரும்போது எதிர்காத்து ஆளைத் தள்ளுது.

பாளை ஸ்போக்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்லுதேன். டியூப்பைக் குறை சொல்லாதீங்க, டயருக்குள்ள உடை முள் முனை ஒடிஞ்சு நிக்குது. நிறுத்தி வச்சா காத்து நிக்கும், ஓடினா இறங்கும்னா நம்ம ஊருல பத்துக்கு எட்டு அதுதான். ஆள் ஏறி உக்காந்து டயர் அமுங்கினாத்தான் அந்த முனை உள்ள எட்டிப் பாக்கும். டயரைக் கழட்டி விரிச்சுத் தடவினா ரப்பர் அதை மூடிக்கிடும். அதான் கையில தட்டல.

தேடுற முறை இருக்கு. டியூப்பை மட்டும் உருவி எடுத்துட்டா இடம் தெரியாமப் போயிரும். அதனால கழட்டும்போது டயர் எந்தப் பக்கம் இருந்துச்சு, வால்வு எந்த இடத்துல இருந்துச்சுன்னு சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கிடுங்க. (இனிமே டயர் மாட்டும்போது கம்பெனிப் பேரு வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டினா அந்தக் கோடே வேண்டாம்.) டியூப்புல நல்லா காத்தடிச்சு தண்ணி வாளியில அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடிங்க. வால்வுல இருந்து ஓட்டை எத்தனை சாண்னு அளந்து, டயர்ல அதே தூரத்தைப் பாருங்க. டியூப்பைத் திருப்பி மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால வால்வுக்கு ரெண்டு பக்கமும் பாக்கணும். அந்த இடத்துல டயரை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி புரட்டி, வெயில்ல வச்சு, பெருவிரலால வளைங்க. ஒரு கருப்புப் புள்ளி தெரியும். வெறுங்கையால தேய்க்காம பஞ்சு, இல்லைன்னா பழைய நைலான் துணியால தேய்ங்க. இழை மாட்டுற இடத்துல முள் இருக்கு. வெளியே இருந்து ஊசியால தள்ளி, உள்ளே இருந்து நகவெட்டியோட கிடுக்கியால பிடுங்கணும். ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனா மரக்கட்டை மாதிரி இல்ல, இரும்பு மாதிரி இருக்கும்.

ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தாலே காரணம் தெரிஞ்சிரும். டியூப்போட வெளி வட்டத்துல, அதாவது ரோட்டுப் பக்கம் ஒத்த ஓட்டைன்னா முள். உள் வட்டத்துல, ரிம் பக்கம்னா ரிம் டேப் விலகி ஸ்போக் துளை கடிக்குது. பாம்பு கொத்தின மாதிரி பக்கம் பக்கமா ரெண்டு கீறல்னா காத்து கம்மியா இருந்து குழியில இடிச்சிருக்கு. வால்வு அடியிலேயே கிழிஞ்சிருந்தா வால்வு நட்டை ஸ்பேனர் வச்சு முறுக்கியிருக்கீங்க. கையால லேசா நிறுத்தினாப் போதும்.

அப்புறம் 110 ரொம்ப அதிகம். 72 கிலோவுக்கு 25 டயர்ல பின்னால 88, முன்னால 82 போதும். கல்லு மாதிரி காத்து வச்சா முள் மேல டயர் அமுங்கிக் கொடுக்காது, குத்தித்தான் ஆகும். ஃபோர்க்குலயும் பிரேக் பக்கமும் இடம் இருந்தா, டயரைச் சுத்தி நாலு மில்லிமீட்டராவது விடுற மாதிரி, அடுத்த தடவை 28 போடுங்க. அதுல 76, 70 போதும்.

முக்கூடல் காத்து:

பேசாம டியூப்புல சீலன்ட் (ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம்) ஊத்திட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

பாளை ஸ்போக்:

ஊத்தலாம், ஆனா முள்ளை எடுத்த பிறகு. முள் உள்ளேயே இருந்தா சீலன்ட் அடைக்கும், முள் மறுபடி கிழிக்கும், அடைக்கும், கிழிக்கும். 80க்கு மேல அழுத்தம் இருந்தா ஒல்லி டியூப்புல அந்த அடைப்பு பிய்ச்சுக்கிடவும் செய்யும். ஊத்துறதா இருந்தா வால்வுக் கோர் (வால்வுக்குள்ள இருக்கிற திருகு) கழறுற டியூப்பா வாங்கி, ஒரு சக்கரத்துக்கு 25 மில்லி. நம்ம வெயில்ல ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு தோல் மாதிரி ஆயிரும், திரும்பக் கொஞ்சம் ஊத்தணும்.

ஒட்டுற பேட்ச் விஷயத்துலயும் ஒண்ணு. ஸ்டிக்கர் மாதிரி பசை உள்ளதை அவசரத்துக்கு மட்டும் வச்சுக்கிடுங்க, மத்தியான ரோட்டுச் சூட்டுல ஓரம் எழும்பிரும். சொலூஷன் போட்டு ஒட்டுறதுதான் நிக்கும். உப்புத்தாள் போட்டு மினுமினுப்பு போற வரை தேய்ச்சு, பேட்சை விட ஒரு விரல் அகலமா சொலூஷன் தடவி, அஞ்சு நிமிஷம் பொறுத்து, பளபளப்பு போயி மங்கினதும் ஒட்டி அமுக்கணும். ஈரமா இருக்கும்போதே ஒட்டுறதுதான் பாதிப் பேர் பண்ணுற தப்பு. ஒரு தடவை திறந்த சொலூஷன் டியூப் அடுத்த மாசம் காஞ்சு போயிருக்கும், பையில திறக்காத புதுசு ஒண்ணு கிடக்கட்டும்.

அம்பை ரோட்டான்:

ரெண்டாவது கேள்வி என்னோடது. அண்ணாச்சி, இது ஆடி மாசம். பாபநாசம்தான், சந்தேகமே வேண்டாம். காத்து செங்கோட்டைக் கணவாய் வழியா மேக்க இருந்து வருது. விடியுமுன்ன கொஞ்சம் சோம்பலா இருக்கும், ஒன்பது பத்து மணிக்கு மேல வேகம் எடுக்கும். அதனால போகும்போது மேக்க, காலையிலேயே போயிரணும். திரும்பும்போது அதே காத்து முதுகைத் தள்ளிட்டு வரும். திருச்செந்தூர் பக்கம் போனா அப்படியே தலைகீழ், களைச்சுப் போன நேரத்துல 55 கி.மீ. எதிர்காத்து. அம்மி பறக்குதோ இல்லையோ, உங்க வேகம் பறந்துரும். கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்து வடகிழக்க இருந்து வரும், அப்போ திருச்செந்தூர்ப் பக்கம் முதல்ல போங்க.

வழி: அஞ்சு மணிக்குக் கொக்கிரகுளத்துல இருந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை, சேர்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவுல ஆத்துப் பாலம். அப்புறம் வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்), பாபநாசம். ஏறத்தாழ 47 கி.மீ. மணிக்கு 22 போனா ஏழு, ஏழே காலுக்குப் போயிரலாம். இந்த மாசம் ஆறு மணிக்கு மேலதான் நல்லா விடியும், முன் விளக்கு 300 லூமனாவது வேணும். ஊர் தொடங்குற இடத்துல கோடு அழிஞ்ச வேகத்தடை இருக்கும், இருட்டுல தெரியாது.

பாதை முழுக்கத் தட்டைதான், கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். கியர்ப் பல் முன்னால 50/34, பின்னால 11–28 இருந்தாலே கூடுதல். அதுக்கு மேல காரையாறு வரை ஏறிரலாம்னு நினைக்காதீங்க. வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கு. 1988ல இருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அது. அனுமதி, நேரம் எல்லாம் அவங்க கையில. மணிமுத்தாறு வழியா மாஞ்சோலைக்கும் அதே கதைதான். முக்கியமா, ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீங்க. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் பாபநாசத்துக்கும் வண்டி வண்டியா ஜனம் வரும், ரோட்டுல சைக்கிளுக்கு இடமே கிடையாது.

திரும்பும்போது வந்த வழியே வராதீங்க. வீரவநல்லூர் வரை வந்து, திருப்புடைமருதூர் பக்கம் திரும்பி, முக்கூடல் போயி, பேட்டை வழியா நெல்லை டவுன். மொத்தம் 100ஐத் தொட்டுரும். திருப்புடைமருதூர்ல கோயிலை ஒட்டுன மருத மரங்கள்ல பறவை கூடு கட்டுற இடம் பாதுகாக்கப்பட்டது, பெல் அடிக்காம மெதுவா போங்க. தண்ணி பிடிக்க, உக்கார நல்ல நிழல்.

கொக்கிரகுளம் சைக்கிள்:

நன்றி அண்ணாச்சி. டயரைப் புரட்டிப் பாத்தாச்சு. பாளை ஸ்போக் சொன்ன மாதிரியே வால்வுல இருந்து ரெண்டு சாண் தூரத்துல கருப்பு முனை. பஞ்சு மாட்டுச்சு, ஊசியால தள்ளி எடுத்தாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். தண்ணி எவ்வளவு? கால்வாய்க் கரை ரோட்டுல போனா நிழல் இருக்குமே, அதுல போகலாமா?

சேர்மாதேவி 28:

கரை ரோடு வேண்டவே வேண்டாம். கன்னடியன் கால், கோடகன் கால் கரையெல்லாம் பாக்க அழகு, ஓரம் பூராவும் உடைமரம். ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்ட கொப்பு பாதையிலேயே கிடக்கும். 25 டயருக்கு அது தண்டனை. தார் ரோட்டுலயும் வெள்ளைக் கோட்டுக்கு மேலயே ஓட்டாதீங்க. மழையும் காத்தும் தள்ளிக்கிட்டு வர்ற முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் அந்த ஓரத்துலதான் ஒதுங்கும். கோட்டுக்கு உள்ளே ஒரு முழம், லாரிச் சக்கரம் தேய்ச்ச தடத்துல போங்க.

தண்ணி மணிக்கு 700 மில்லி. ரெண்டு பாட்டில்ல ஒண்ணு வெறும் தண்ணி, இன்னொண்ணுல உப்புக் கரைசல்: ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டுமே தலைதட்டி. உப்பைக் கூட்டாதீங்க. வழியில வாழைப்பழத்துக்குப் பஞ்சமே இல்ல.

முக்கூடல் காத்து:

முக்கூடல் பக்கம் வாரிய, அதனால ஒண்ணு. கார் நெல்லு அறுப்பு சமயத்துலயும் பிசான நெல்லு அறுப்பு சமயத்துலயும் ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லும் வைக்கலும் காயும். இப்போ ஆடியில அவ்வளவு இருக்காது, புரட்டாசியில வந்தா பாக்கலாம். வைக்கல் மேல ஏறினா பின் கியர் மாத்துற டிரெய்லரோட (derailleur) சின்னப் பல் சக்கரத்துல சுத்திக்கிடும். "டக் டக்"னு சத்தம் வந்து செயின் தாவுதுன்னா கியரை முறுக்கிப் பாக்காதீங்க, மிதிக்கிறதை உடனே நிறுத்துங்க. அழுத்தி மிதிச்சா டிரெய்லரை ஸ்போக்குக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயி, அது தொங்குற ஹேங்கரை ஒடிச்சிரும். இறங்கி, பெடலைப் பின்னால சுத்தி, வைக்கலைக் கத்தரிச்சு எடுங்க. அதோட, நெல்லு மேல ஏத்தாதீங்க. ஒரு வருஷப் பாடு அது.

அம்பை ரோட்டான்:

கொண்டு போக வேண்டியது: டியூப் 2, டயர் லீவர் 2, பேட்ச், புது சொலூஷன், கைப்பம்பு, அஞ்சு மில்லி ஆலன் சாவி. மறக்காம ஒரு பித்தளை அடாப்டர், வால்வுல திருகுறது. வழியில இருக்கிற பஞ்சர் கடை எல்லாம் மோட்டார் வண்டி வால்வுக்கும் பழைய வால் டியூப்புக்கும்தான் பழக்கம், பிரெஸ்டாவில அவங்க முனை உக்காராது. அடாப்டர் இருந்தாலும் கம்பிரசர்ல காத்து பிடிக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்க, இம்புட்டுண்டு டியூப் ஒரே மூச்சுல ரொம்பிரும்.

கொக்கிரகுளம் சைக்கிள்:

அடாப்டர் இல்ல, நாளைக்கு வாங்கிருதேன். காத்து 88, 82 வச்சு மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் போயிட்டு வந்தாச்சு, 22 கி.மீ., இறங்கல.

பாளை ஸ்போக்:

நல்லது. முள் எடுத்த ஓட்டைக்கு வெளியே சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு மூடிருங்க. இல்லைன்னா அடுத்த மழைக்கு அந்த வழியாவே மணல் உள்ள போயி டியூப்பை அரிக்கும்.