வருஷா வருஷம் பைபிள் வாசிப்பு யாத்திராகமத்திலேயே நின்னு போகுது, வழி சொல்லுங்க

லேத்காரன், தூத்துக்குடி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வயசு 43, சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில புது வருஷத்துக்கான வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கின கையோட மூணு தீர்மானம் எடுப்பேன். ஒரே வருஷத்தில வேதாகமத்தை முழுசா வாசிக்கணும். தினமும் அரை மணி நேரம் நடக்கணும் (வெறும் வயித்து சுகர் 168). வீட்டுக்காரியோட நாலு பவுன் சங்கிலியை மீட்கணும், மூணு வருஷமா வட்டியைக் கட்டிக் கட்டித் திருப்பி வைக்கேன்.

வாசிப்புக் கணக்கு அத்துப்படி. மொத்தம் 1189 அதிகாரம். நாளைக்கு மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சு. ஜனவரி கடைசியில ரெண்டாவது புஸ்தகமான யாத்திராகமத்துல ஆசரிப்புக்கூடாரம், அதான் வனாந்தரத்துல போட்ட ஆராதனைக் கூடாரம், வந்துரும். எத்தனை முழம், எத்தனை பலகைன்னு வாசிக்கும்போதே கண்ணு சொருகும். ரெண்டு நாள் விட்டுப்போகும். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பதினொரு அதிகாரத்தைச் சேர்த்து வாசிச்சுக் கடனை அடைக்கப் பார்ப்பேன், முடியாது. அத்தோட அந்த வருஷம் காலி. நடையும் சேமிப்பும் அதே கதைதான்.

போன வாரம் வீட்டுக்காரி என் பைபிளை மூடிப் பக்கவாட்டுல காட்டினா. முன்னால ஒரு நூல் கனத்துக்கு கிரீஸ் கறை, மிச்சமெல்லாம் வாங்கின அன்னைக்கு இருந்த வெள்ளை. சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. ஜெபம் பத்தலையா, மன உறுதி பத்தலையா?

பாளை டீச்சர்:

தம்பி, ரெண்டும் இல்லை. நீங்க எடுக்கிற அளவுதான் பெருசு.

நான் 33 வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவ. ஆனா இந்த விஷயத்துல எனக்கு வாத்தியார் எங்க அம்மா. அடுப்புக்குப் பக்கத்துல ஒரு மண் கலயம் இருக்கும். உலைக்கு அரிசியை அளந்ததும், களையறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்து அதுல போடுவா. பிடியரிசி. மாசக் கடைசியில பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரங்க சாக்கோட வந்து வாங்கிட்டுப் போவாங்க. மிசோரம் சபைகளிலயும் இதே வழக்கம் உண்டு, அங்க இதுக்குப் பேரு பூஃபாய் தாம். கையில காசே புழங்காத பெண்கள் பிடி அரிசியால ஊழியத்தைத் தாங்கியிருக்காங்க.

அம்மா எத்தனை பிடி ஆச்சுன்னு எண்ணினதே இல்லை, இத்தனை படி சேர்க்கணும்னு தீர்மானம் எடுத்ததும் இல்லை. அரிசியை அளந்தா கை தானா கலயத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஒரு வருஷம் அப்பாவுக்கு வேலை இல்லை. அப்போ பிடி சின்னதாச்சு. மூணு விரல்ல அள்ளிப் போட்டதை நான் பார்த்திருக்கேன். ஆனா போட்டா.

அதனால ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்காதீங்க. 119ஆம் சங்கீதத்தை எடுங்க. 176 வசனம், எபிரெய எழுத்து ஒண்ணுக்கு எட்டு வசனமா 22 பகுதி. பட்டறை ஷட்டரைத் தூக்குறதுக்கு முன்னால ஒரு பகுதி, நின்னுக்கிட்டே வாசிக்கலாம். ஒரு நாள் விட்டுட்டா விட்டதுதான், மறுநாள் சேர்த்து வாசிக்கக் கூடாது. நீங்க தாண்ட முடியாத அதே யாத்திராகமத்துல 16ஆம் அதிகாரத்தைப் பாருங்க. வானத்திலிருந்து வந்த மன்னாங்கிற அப்பத்தை அன்னன்னைக்குத்தான் பொறுக்கணும். மறுநாளைக்குன்னு எடுத்து வச்சது புழுத்துப் போச்சு.

கிருபை மட்டும்:

டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. இப்படி டைம்டேபிள் போடுறது, சட்டதிட்டத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட பரிசேயர் வேலை இல்லையா? ஆவியானவர் ஏவும்போது வாசிச்சாப் போதாதா?

பாளை டீச்சர்:

ஏவட்டும் தம்பி, வேண்டாம்னு யார் சொன்னா? தானியேல் சிங்கக் கெபிக்குப் போறதுக்கு முன்னால நடந்ததையும் கொஞ்சம் வாசிங்க. தன்னைத் தவிர யார்கிட்டயும் வேண்டக் கூடாதுன்னு ராஜாவோட கட்டளை வந்தது தெரிஞ்சும் வீட்டுக்குப் போய், “முன் செய்துவந்தபடியே” மூணு வேளையும் முழங்கால் போட்டார்னு இருக்கு. ஆபத்து வந்த அன்னைக்குப் புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கலை. எட்டு வசனம் வாசிச்சதுக்கு மதிப்பெண் கேட்டாத்தான் பரிசேயன்.

நைட் டியூட்டி, குவைத்:

நான் நர்ஸ். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை, அந்த நாளும் பாதி நேரம் டியூட்டியிலதான் போகும். அதனால தேதியைப் பார்த்து நீதிமொழிகள் வாசிக்கிறேன். 31 அதிகாரம் இருக்கே, இன்னைக்கு 12ஆம் தேதின்னா 12. நேத்து விட்டுப்போச்சேன்னு தேட வேண்டியதே இல்லை, காலண்டரே சொல்லிடும். ஒரே குறை, 30 நாள் மாசத்துல 31ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீக்கு லீவு!

லேத்காரன், தூத்துக்குடி:

மூணு வாரம் கழிச்சு வாரேன். சாவியைப் பூட்டுல போட்டுட்டு, திருகுறதுக்கு முன்னால எட்டு வசனம். பக்கத்து டீக்கடைக்காரர் முதல் நாள் “அண்ணாச்சி, சாவி மாட்டிக்கிச்சா?”ன்னு எழுந்து வந்துட்டார். 11ஆம் நாள் ஹார்பர் வேலை ஒண்ணு விடியுமுன்னே வந்துட்டு, வாசிக்கலை. மறுநாள் ரெண்டு பகுதியா வாசிக்கச் சொல்லிக் கை அரிச்சுது பாருங்க. டீச்சரக்காவை நினைச்சு அடக்கிக்கிட்டேன்.

பட்டறை வீட்டிலிருந்து ஒண்ணரை கிலோமீட்டர். பைக்கை வீட்டிலேயே விட்டுட்டேன், போக வர நடை. மழை பெஞ்ச ரெண்டு நாள் பைக்தான். சுகரை இன்னும் பார்க்கலை, பயமா இருக்கு.

சங்கிலிக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அன்னைக்கு முதல்ல வர்ற கூலியில 50 ரூபாயைப் பிரிச்சு அதுல போடுறேன். 900 சேர்ந்துச்சு. முந்தாநாள் கேஸ் தீர்ந்துட்டு. வீட்டுக்காரி என்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தா, பாட்டில்ல இப்போ பத்து இருபதுதான் கிடக்கு. ரெண்டு நாளா அதைப் பார்த்தாலே போட மனசு வரலை. அக்கா, உங்கம்மா எப்பவாவது அந்தக் கலயத்திலிருந்து திரும்ப எடுத்திருக்காங்களா?

பாளை டீச்சர்:

எடுத்திருக்கா. நான் சொன்னேனே, அந்த வருஷம்தான். ஒரு மழைநாள் சாயங்காலம் வீட்டுல பொட்டு அரிசி இல்லை. கலயத்தை முறத்துல கவுத்தா. எங்க அஞ்சு பேருக்கும் கஞ்சிக்குக் காணும்போல இருந்துச்சு. உலை கொதிக்கிற வரைக்கும் அந்த முறத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் அதுலருந்து மூணு விரல்ல கொஞ்சம் அள்ளிக் கலயத்துல போட்டுட்டு, மிச்சத்தைக் களைஞ்சா.