தளம் போடும் சைட்: பக்கத்தில் 11 கேவி (11,000 வோல்ட்) லைன், போர்டில் எம்சிபி (ஓவர்லோடுக்கு விழும் சுவிட்ச்) மட்டும். எதை முதலில் சரி செய்வது?

கேள்வி (சைட் சூப்பர்வைசர்):
முதல் மாடித் தளத்துக்கு சென்ட்ரிங் அடிச்சுக்கிட்டு இருக்கோம். ரோட்டோரம் போற 11 கேவி லைன் சுவரிலிருந்து அஞ்சடி தள்ளி இருக்கு. அது போதும்ங்கிறார் மேஸ்திரி. எலக்ட்ரீஷியன் லைன் மேல பிவிசி பைப் மாட்டலாம்ங்கிறார். டெம்பரரி சர்வீஸ் த்ரீ பேஸ். கரண்ட் கசிஞ்சா சப்ளையை அறுக்கிற ஆர்சிசிபி அடிக்கடி விழுதுன்னு (ட்ரிப் ஆகுதுன்னு) கழட்டிட்டாங்க. வைப்ரேட்டர், கட்டிங் மெஷின், தண்ணி மோட்டார் மூணும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல ஓடுது.

பதில் 1:
சுவரிலிருந்து அளக்காதீங்க சார், சன்ஷேடு நுனியிலிருந்து அளங்க. சன்ஷேடு இரண்டடி வெளியே வந்தால் மிச்சம் மூன்றடிதான், அதாவது 0.9 மீட்டர். மத்திய மின்சார ஆணைய விதிப்படி 11 கேவிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் வேண்டும். அதையும் காற்றில் லைன் ஆடி வரும் இடத்திலிருந்து கணக்கிடணும்.

அந்த இடைவெளி இருந்தாலும் வேலை நடக்கும்போது போதாது. லைன் தூரத்திலிருந்தே ஆளை இழுக்கும் என்று சிலர் சொல்வது மிகை, 11 கேவி காற்றில் தாண்டுவது சில சென்டிமீட்டர்தான். ஆளைக் கொல்வது கையில் இருக்கும் நீளம்: 12 மீட்டர் முழுக்கம்பி, அலுமினிய ஏணி, சாரக் குழாய், லெவல் பார்க்கும் நீள அளவுகோல் (ஸ்டாஃப்). கம்பியைக் கீழேயே வெட்டி வளைத்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கயிறு கட்டி ஏற்றுங்க. லைன் பக்கத் தளத்தில் 3 மீட்டருக்குக் கயிறு கட்டி மறிச்சிடுங்க. அந்தப் பகுதியில் கம்பி கட்டும் நாளிலும் கான்கிரீட் நாளிலும் மின்வாரிய ஏ.ஈ.க்கு (உதவிப் பொறியாளர்) எழுதிக் கொடுத்து லைன் கிளியர் (லைனை நிறுத்தி வேலைக்கு விடும் அனுமதி) வாங்குங்க. போனில் "ஆஃப் பண்ணியாச்சு" என்ற வார்த்தையை நம்பி ஆள் ஏற்றக் கூடாது. சுவிட்சைத் திறந்து, லைனில் எர்த் ராடு மாட்டியதை லைன்மேன் உறுதி செய்யணும்.

பிவிசி பைப் 11 கேவிக்கு இன்சுலேஷன் ஆகாது. மாட்டினால் ஆட்களுக்குப் பொய்த் தைரியம்தான் வரும். நிரந்தர வழி, செலவை நீங்களே கட்டி லைனை மாற்றச் சொல்வது.

பதில் 2:
போர்டு பற்றி. ஈரக் கையோடு இருக்கும் ஆளின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம். 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். இதயம் நிற்க அது போதும், ஆனால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பல்பு லோடு. எர்த்தை மட்டும் நம்பவும் முடியாது: 5 ஓம் எர்த் வழியாக அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் போகும், 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், மேலே சொன்ன 0.23 ஆம்பியர் கசிவை 40 மில்லி செகண்டில் அறுத்துவிடும்.

அடிக்கடி விழுவதற்குக் காரணம் கண்டுபிடிக்கலாம். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்க. அப்போதும் விழுந்தால் வயரிங்கில் கோளாறு; பேஸோ நியூட்ரலோ எங்கேயோ எர்த்தில் தொடுது. ஒரு மெஷின் போட்டதும் விழுந்தால், அதன் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்திருக்காங்களா என்று பாருங்க. பல சைட்டில் இதுதான். அதுவும் சரியென்றால் அந்த மெஷினை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) பாருங்க, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் திருப்பி அனுப்புங்க. மூன்று பாயின்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி போட்டால் ஒன்று விழும்போது வேலை முழுக்க நிற்காது, கழற்றும் ஆசையும் வராது. டெஸ்ட் பட்டனைத் தினமும் காலையில் அழுத்துங்க. அது எர்த் வயரைச் சோதிக்காது, அதைத் தனியாகப் பார்க்கணும்.

டேப் சுற்றிய ஜாயின்ட் கம்பி வலையில் பட்டால் தளம் முழுக்க லைவ் ஆகிவிடும். கட்டுக்கம்பியால் கேபிளைக் கம்பியோடு கட்டவே கூடாது. ஜாயின்ட் இல்லாத 3 கோர் ரப்பர் கேபிளை, காய்ந்த மரக்கட்டையில் தலைக்கு மேலே தூக்கி எடுங்க.

பதில் 3:
மேலே வைப்ரேட்டருக்கு எதற்கு கரண்ட்? பெட்ரோல் வைப்ரேட்டர் வாடகைக்குக் கிடைக்குதே.

பதில் 2:
சரிதான், கான்கிரீட் நாளில் அதுவே நல்லது. தண்ணி மோட்டாருக்கு ஆர்சிசிபி எப்படியும் வேணும்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போச்சு. சைட் போர்டு சப்ளையில் ஷாக் அடித்தால் முதலில் மெயினை ஆஃப் செய்யணும், அப்புறம்தான் ஆளைத் தொடணும். 11 கேவியில் பட்டால் காய்ந்த கட்டையை வைத்தும் நெருங்காதீங்க. லைன் ட்ரிப் ஆன பிறகும் சப்ஸ்டேஷனில் மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பார்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லி, சப்ளை நின்றதை உறுதி செய்த பிறகுதான் போகணும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் இறங்குமளவு அழுத்திக்கொண்டே இருங்க, இன்னொருவர் 108-க்கு அடிக்கட்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீங்க.