சொரியாசிஸுக்கு 21 நாள் பஞ்சகர்மா: நெய் அளவு, பேதி நாள், மெத்தோட்ரெக்ஸேட் பற்றிச் சந்தேகம்

பொள்ளாச்சி தென்றல்:

வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 44, எடை 86 கிலோ. சொரியாசிஸ் தலை, முழங்கை, முதுகு, கெண்டைக்கால் எல்லாம் சேர்த்து அவருடைய உள்ளங்கையால் அளந்தால் பத்துப் பன்னிரண்டு கை வரும். அதற்கு ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை 15 மி.கி., மறுநாள் ஃபோலிக் ஆசிட். பி.பி.க்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. ஸ்கேனில் ஈரலில் லேசாகக் கொழுப்பு.

பாலக்காடு பக்கம் ஓர் இடத்தில் பஞ்சகர்மாவுக்கு (உடலைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத சிகிச்சை) 21 நாள் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள்: 3 நாள் மோரும் சூரணமும் (மருந்துப் பொடி), 7 நாள் மருந்து நெய் குடிப்பது, வமனம் (வாந்தி சிகிச்சை), திரும்ப நெய், விரேசனம் (பேதி சிகிச்சை), கடைசி 2 நாள் தக்ரதாரை (மோரைத் தாரையாக ஊற்றும் சிகிச்சை). "வருவதற்கு முன்பே இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடுங்கள், நச்செல்லாம் வெளியேறிவிடும், திரும்ப வராது" என்கிறார்கள். இது 21 நாளில் அடங்குமா? மாத்திரையை நிறுத்தலாமா? 7 நாள் நெய்யை அவர் ஈரல் தாங்குமா?

கோட்டாறு வைத்தியம்:

சகோதரி, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். வமனமும் விரேசனமும் இரண்டையும் முறைப்படி செய்தால் 21 நாளில் அடங்கவே அடங்காது. செரிமான மருந்து 3 நாள், நெய் 5 முதல் 7 நாள், ஒரு நாள் இடைவெளி, அதன்பின் வமனம். அதுவே 10 முதல் 12-ஆம் நாள் ஆகிவிடும். வமனத்துக்குப் பிறகு கஞ்சிப் பத்தியம். வமனத்துக்கும் விரேசனத்துக்கும் நடுவே பதினைந்து நாள் விட வேண்டும் என்பது பழங்கால ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் காலத்திலிருந்து இருக்கிற விதி. விரேசனம் முடிந்தும் 5 முதல் 7 நாள் கஞ்சி. எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் போகும். அவர்கள் அட்டவணையில் கஞ்சி நாட்களே காணோம், கவனித்தீர்களா? குறுக்கியது அங்கேதான்.

விரேசனம் மட்டும் என்றால் 21 நாள் சரியாக இருக்கும். பி.பி. உள்ளவருக்கு வமனம் வேண்டாம் என்பது என் கருத்து. வாந்தியில் முக்கும்போது அழுத்தம் எகிறும்.

அடுத்து நெய். சொரியாசிஸுக்கு வழக்கமாக மகாதிக்தகம் அல்லது பஞ்சதிக்தகம் என்ற கசப்பு மூலிகை நெய். விடிந்ததும் வெறும் வயிற்றில், உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, முதல் நாள் 30 மி.லி., பின்னால் வெந்நீர். அடுத்த நாள் அளவை யாரும் முன்கூட்டியே எழுதித் தர முடியாது. முந்தின நாள் நெய் எத்தனை மணி நேரத்தில் செரித்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏப்பத்தில் நெய் வாசனை இல்லாமல் இருக்க வேண்டும், வயிறு இலேசாக வேண்டும், தானாகப் பசிக்க வேண்டும். 30 மி.லி. மூன்று நான்கு மணி நேரத்தில் செரித்தால் மறுநாள் 60 கொடுக்கலாம். சாயங்காலம் வரை குமட்டினால் அளவைக் கூட்டக் கூடாது, சுக்கு வெந்நீர் கொடுத்து அதே அளவில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வேளையும் ஏப்பத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் கேட்டு எழுதாத இடத்தில் நெய் குடிக்காதீர்கள்.

7 நாள் என்பது உச்ச வரம்பு. மலம் இளகிப் பளபளப்பாக வந்து, தோல் நெய்ப்பிடித்து, நெய்யைப் பார்த்தாலே வெறுப்பு வந்தால் அன்றோடு போதும். சிலருக்கு நாலாம் நாளே வரும். அட்டவணைக்காக மேலும் ஊற்றினால் அஜீரணம், வாந்தி, அரிப்பு எல்லாம் வரும். அதை "நச்சு வெளியேறுகிறது" என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.

பிறகு 3 நாள் எண்ணெயும் ஆவியும். இங்கே ஒரு முக்கிய விஷயம்: சொரியாசிஸ் உள்ளவருக்கு உரசல் பட்ட இடத்தில் புதிதாகப் படை கிளம்பலாம். அதனால் எண்ணெயைத் தடவ மட்டும் வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது, பொடித் தேய்ப்பு கூடவே கூடாது. உடம்பு முழுக்கச் சிவந்திருந்தால் ஆவியும் வேண்டாம்.

விரேசன நாளில் காலை 9, 10 மணிவாக்கில் பேதி மருந்தான சிவதை லேகியம் 25 முதல் 50 கிராம், வெந்நீருடன். முதலில் வழக்கமான மலம் போகும் இரண்டு மூன்று தடவையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன்பின் 10 குறைவு, 20 நடுத்தரம், 30 அதிகம் என்பார்கள். எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். கடைசியில் வெறும் சளி போல வந்து, வயிறு இலேசானால் 12 தடவையே போதும்.

மருந்தாளுநர் கோவை:

வைத்தியர் ஐயா நாள் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மாத்திரைப் பக்கம் சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட்டைத் தானாக நிறுத்தினால் சில வாரங்களில் படை மொத்தமாகத் திரும்பலாம். ஆனால் விரேசனத்தோடு அப்படியே தொடர்வதிலும் ஆபத்து இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். பேதியில் நீர் வற்றினால் அது உடம்பிலேயே தங்கும். வாய்ப்புண் வரும், வெள்ளையணு குறையும். அதனால் ஞாயிறு மாத்திரை போட்டால் விரேசனம் புதன் அல்லது வியாழன். அடுத்த ஞாயிறுக்குள் சிறுநீர் வழக்கம்போலப் போய், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) சரியாக இருந்தால்தான் மாத்திரை. அந்த ஒரு வாரத்தைத் தவிர்க்கச் சொல்லித் தோல் மருத்துவர் சொன்னாலும் பெரிய நஷ்டம் இல்லை. இதை அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பி.பி. மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு ஏற்கெனவே நீரையும் பொட்டாசியத்தையும் இழுக்கும். நீர் வற்றிய உடம்பில் டெல்மிசார்ட்டனும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். பேதி நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள்.

போவதற்கு முன்: ரத்த அணுக்கள், எஸ்.ஜி.பி.டி. (ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கொழுப்பு, சர்க்கரை, ஈ.சி.ஜி. வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருந்தால் நெய்யே வேண்டாம், வலி கிளம்பிவிடும். எஸ்.ஜி.பி.டி. இயல்பைப் போல இரண்டு மடங்கு என்றால் தள்ளிப் போடுங்கள். விரேசனத்துக்கு மறுநாள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி.

கொடுக்கிற மருந்துகளையும் பாருங்கள். தோலுக்கு வழக்கமாகத் தரும் கதிராரிஷ்டத்தில் புளித்து உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட், கொழுப்பு ஈரல் இரண்டும் உள்ளவருக்கு அது வேண்டாம், கஷாயமாகக் கேளுங்கள். பஞ்சதிக்தகத்தின் ஐந்து கசப்பில் சீந்திலும் ஒன்று; சீந்தில் எடுத்தவர்களுக்கு ஈரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். எனவே இரண்டாம் வாரமும் நாலாம் வாரமும் ஈரல் பரிசோதனை. தோலுக்குத் தரும் மருந்துகளில் ரசமாணிக்கம் ஆர்சனிக் சேர்ந்தது, ஆரோக்கியவர்த்தினியில் பாதரசம் உண்டு. தாள் பொட்டலத்தில் மடித்துத் தரும் பேரில்லாத பொடியை வாங்காதீர்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண் இரண்டும் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத வெள்ளைக் களிம்பு தடவி மூன்றே நாளில் செதில் மறைந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

பொள்ளாச்சி தென்றல்:

இருவருக்கும் நன்றி. வமனம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். விரேசனத்தை மட்டும் வீட்டிலேயே செய்தால் என்ன? கஞ்சி முறையும் சொல்லுங்கள்.

பத்தியச் சமையல்:

வீட்டில் வேண்டாம் அக்கா. அவர் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளுக்கும் நாடியும் பி.பி.யும் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் டிரிப் போட வசதி வேண்டும்.

கஞ்சிக்கு ஒரு வருஷப் பழைய அரிசி நல்லது. லேசாக வறுத்து நொய்யாக உடைத்துக்கொள்ளுங்கள். விரேசனத்தன்று மாலை பசி எடுத்த பிறகு பேயா: அரிசி ஒரு பங்கு, தண்ணீர் 14 பங்கு, ஒரு சிட்டிகை இந்துப்பு. குடிக்கும் பதம், பருக்கை கொஞ்சம்தான். இப்படி மூன்று வேளை. அடுத்த மூன்று வேளை விலேபி, தண்ணீர் 4 பங்கு, கரண்டியில் நிற்கும் பதம். அதன்பின் பாசிப்பயற்றுச் சாறு, முதலில் தாளிக்காமல், பிறகு சீரகம், இஞ்சி, அரை ஸ்பூன் நெய்யில் தாளித்து. நாளுக்கு இரண்டு வேளைதான். பேதி குறைவாகப் போயிருந்தால் ஒவ்வொரு படியும் ஒரு வேளையாகச் சுருங்கும், இதை வைத்தியர் சொல்வார்.

பத்தியம் கெட்டுப் போவது மூன்றாம் நாளில். பசி திடீரென்று திரும்பும், வீட்டார் பாவம் பார்த்து இட்லி சாம்பார் கொடுப்பார்கள், வயிறு உப்பி மந்தமாகிவிடும். பேதி நாளில் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். சில இடங்களில் வெந்நீர் மட்டும் என்பார்கள், உப்பு இழப்பை அது ஈடுகட்டாது.

தக்ரதாரை 2 நாளுக்குப் பிரயோஜனம் இல்லை, 7 நாளாவது வேண்டும். மோர் தினமும் புதிதாகக் கடைந்ததாக இருக்க வேண்டும்.

கோட்டாறு வைத்தியம்:

இடம் தேடுகிறீர்கள் என்றால் உள்நோயாளிப் பிரிவும் ஆய்வகமும் உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள், விடுதி வேண்டாம். நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரம், திருப்பூணித்துறை அரசுக் கல்லூரிகளிலும் பஞ்சகர்மா உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா போன்ற மருத்துவ முறைகள்) சிகிச்சையை மற்ற சிகிச்சைக்குச் சமமாக நடத்தும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது, பாலிசியைக் காட்டி முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

"திரும்ப வராது" என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நன்றாக நடந்தால் செதிலும் அரிப்பும் குறையும், சில மாதம் அமைதியாக இருக்கலாம். அதற்குள் எடையில் ஐந்தாறு கிலோ குறைத்து, மது சிகரெட் இருந்தால் நிறுத்துவது பத்தியப் பட்டியலை விடப் பெரிய உதவி. முதல் நாளும் ஒரு மாதம் கழித்தும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, உள்ளங்கைக் கணக்கையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, அண்ணனிடம் இன்றே கேளுங்கள்: காலையில் எழுந்ததும் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கிறதா, ஏதாவது ஒரு விரல் முழுசாக வீங்குகிறதா, நகத்தில் ஊசி குத்தினாற்போலக் குழி இருக்கிறதா? மூட்டில் சொரியாசிஸ் இறங்கியிருந்தால் தேய்ந்த எலும்பு திரும்ப வராது. அப்படி ஏதாவது இருந்தால் பஞ்சகர்மாவைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் மூட்டு மருத்துவரிடம் போங்கள்.