ரியூசன் அறைக் கதவு: தாவடி அக்காவுக்கு ஒரு பதில்

கொக்குவில் மாஸ்ரர்:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் சிறுவர் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. அதைப் பற்றி இங்கே தாவடி அக்கா எழுதியதைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. "தனியாகப் படிப்பிக்கிற வாத்தியார் எவராக இருந்தாலும் கதவைத் திறந்து வைத்துத்தான் படிப்பிக்க வேண்டும்" என்கிறார். என் வீட்டு விறாந்தை அறையில் படித்த பிள்ளைகள் இன்று டொக்டர், எஞ்சினியர். இந்த வயதில் கதவைத் திறந்து வைத்துத்தான் நான் நல்லவன் என்று காட்ட வேண்டுமா? தெரியாத ஆட்களோடு போகாதே என்று சொல்லி வளர்த்தால் போதும்.

தாவடி அக்கா:
மாஸ்ரர், எங்கட பிள்ளைகள் தெரியாத ஆட்களிடம் எங்கே போகிறார்கள்? போவது சித்தப்பா வீட்டுக்கு, ரியூசனுக்கு, கோயிலுக்கு, ஓட்டோ அண்ணாவோடு. பெரும்பாலும் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்கிறவன் பிள்ளைக்குத் தெரிந்தவன்தான். முதலில் சொக்லேட், பிறகு போனில் கேம், பிறகு "அம்மாவுக்குச் சொல்லாதே". அதுக்குப் பூட்டிய கதவு வசதி. உங்கள் பெயரை நான் எழுதவே இல்லை, உங்களுக்கு ஏன் சுடுகிறது?

கொக்குவில் மாஸ்ரர்:
"ஏன் சுடுகிறது" என்று கேட்கிறாரே, பார்த்தீர்களா மற்றவர்களே? கதவைத் திறந்தால் ரோட்டில் லான்ட்மாஸ்டர் சத்தம். பொழுதுபட்டால் நுளம்பு. டெங்கு வந்தால் 1929க்கு அடிக்கவா?

சட்டம் படித்த தம்பி:
1929 பகிடிக்குரிய இலக்கம் இல்லை ஐயா. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். அந்தச் சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன்பே, 1995இல், தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திப் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தனிக் குற்றமாக்கினார்கள். 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளை "சம்மதித்தாள்" என்ற கதை வல்லுறவு வழக்கில் எடுபடாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் எடுத்துச் சாட்சியமாக முன்வைக்க 1999இல் இருந்து சட்டம் இருக்கிறது. இவ்வளவும் இருந்து என்ன, பொலிசுக்குப் போக முன்னமே நாலு பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடி "பெட்டையின் எதிர்காலம்" என்று கதைத்து முடித்துவிடுகிறார்கள்.

கொக்குவில் மாஸ்ரர்:
நல்லது தம்பி. கதவு எந்தப் பிரிவில் வருகிறது? அதைச் சொல்லும்.

நாவற்குழிப் பெடியன்:
எல்லோரும் பெண் பிள்ளைகளைப் பற்றியே கதைக்கிறீர்கள். பெடியன்களுக்கும் இது நடக்கிறது. அவன் சொன்னால் "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்னடா" என்று சிரிப்பார்கள் என்று வாயே திறக்கமாட்டான்.

கொக்குவில் மாஸ்ரர்:
தம்பி, இங்கே கதை கதவைப் பற்றியது.

ஸ்காபரோ சிவா:
இங்கே வகுப்பறைக் கதவுகளில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வேலை செய்யப் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். அதற்கு ஒரு வாத்தியாரும் கோபிப்பதில்லை.

கொக்குவில் மாஸ்ரர்:
வந்துவிட்டார் கனடாக்காரர். அங்கே குளிருக்கு யன்னலைக்கூடத் திறக்கமாட்டீர்கள், எனக்குக் கதவைப் பற்றிப் பாடம். கண்ணாடிக் கதவுக்குக் காசு அனுப்புங்கள், நாளைக்கே போடுகிறேன்.

ஸ்காபரோ சிவா:
நிலையக் கூரைக்கு அனுப்பிய காசுக்கே இன்னும் கணக்கு வரவில்லை மாஸ்ரர்.

தாவடி அக்கா:
கூரையை விடுங்கள். கூட்டத்துக்கு வந்தது முழுக்க அம்மாமார். ஆம்பிளைகள் வெளி விறாந்தையில் கரம் விளையாடினார்கள். பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிள்ளைகளிடம், யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டா. ஒரு சின்னன் எழும்பி, "அம்மாட்டைச் சொன்னா அடிப்பா" என்றது. அதன் அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தவ, சேலைத் தலைப்பைத் திருகியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. இதை எழுதினால் மாஸ்ரர் நுளம்பு என்கிறார்.

கொக்குவில் மாஸ்ரர்:
பிள்ளைக்கு அடிக்கிற அம்மாவைத் திருத்துங்கள். ஊர் வாத்திமார் எல்லோரையும் கள்ளர் வரிசையில் ஏன் நிற்பாட்டுகிறீர்கள்? இன்றைக்குக் கதவு என்பார்கள், நாளைக்குக் கமரா என்பார்கள். பிறகு பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் உரத்துப் பேசவும் அனுமதி கேட்க வேண்டும். கரம் விளையாடியது நானும் இல்லை, செயலாளரும் மூன்று பேரும். கூரைக் கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வந்து கேளுங்கள்.

சட்டம் படித்த தம்பி:
கமராவை யாரும் கேட்கவில்லையே ஐயா.

கொக்குவில் மாஸ்ரர்:
கேட்பார்கள். எனக்குத் தெரியும். கதவு என் வீட்டுக் கதவு. விருப்பமில்லாதவர்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஓ.எல். கணிதத்துக்கு எப்படியும் இடம் இல்லை.

நாவற்குழிப் பெடியன்:
இடம் இல்லை என்றால் போன கிழமை என் தங்கச்சியிடம் அட்வான்ஸ் வாங்கினது ஏன் சேர்?