புதுப்பிப்பு: பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கவில்லை – தீர்ந்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. என் இணையப்பக்கத்தில் இசையைச் சேர்க்கும் குறியீடான ஆடியோ டேக்கில், தானாக ஒலிக்கவைக்கும் ஆட்டோபிளே கொடுத்தும் குரோம் உலாவியில் இசை தொடங்கவில்லை என்று கேட்டிருந்தேன். கோப்பில் குறையில்லை. 2018 ஏப்ரலில் வந்த 66ஆம் பதிப்பிலிருந்தே, பார்ப்பவர் பக்கத்தில் எங்காவது சொடுக்கும்வரை குரோம் பெரும்பாலும் சத்தத்தை அனுமதிப்பதில்லை. சத்தத்தை அடக்கும் மியூட்டட் சேர்த்து ஓடவைத்தாலும் பயனில்லை. ஊமை நாதஸ்வரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கைகொடுத்தது இரண்டாவதாக வந்த யோசனை: ஆட்டோபிளேயை எடுத்துவிட்டு, "இசையைக் கேட்க" என்றொரு பொத்தான் வைத்து, அதைச் சொடுக்கும்போது பிளே கட்டளையை அழைப்பது. உடனே ஒலிக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் வால்யூமை 0.3 என்று (1 என்றால் முழுச் சத்தம்) குறைத்திருந்தேன். ஐபோனில் அது எடுபடவில்லை, முழுச் சத்தம். அங்கே ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வால்யூமை மாற்ற முடியாதாம். அதனால் எம்பி3 கோப்பையே ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 10 டெசிபல் குறைத்து ஏற்றிவிட்டேன்.