கிளாடிகேஷன்: ‘நடைக்கடுப்பு’ என்று வைப்போமா?

மார்த்தாண்டத்திலிருந்து, இயன்முறை மருத்துவர்:

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தமனி அடைப்பால் நடக்கும்போது காலில் வலி வந்து, நின்றால் போகிற ‘இன்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன்’ என்பதற்குத் தமிழில் இதுவரை வந்த மூன்று சொற்களையும் படித்தேன்: ‘இடைவிட்ட நொண்டல்’, ‘கடைவீதி நோய்’, ‘நடைவலி’. மூன்றையும் விட்டுவிட்டு ‘நடைக்கடுப்பு’ என்று வைப்போம் என்பது என் கட்சி. காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இந்தச் சொல் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கால் தமனி அடைப்பு பற்றிய ஒரு மருத்துவ ஆய்வுக்கு ஒப்புதல் படிவத்தையும் கேள்வித்தாளையும் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். ஆய்வில் சேருகிறவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே இந்தச் சொல் அகராதியில் தூங்கப் போவதில்லை. குலசேகரத்திலும் குளச்சலிலும் இருந்து வருகிற மனிதரின் முகத்துக்கு நேரே கேட்கப்படும். அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் அவருக்கு நோய் இருக்கிறதா என்று அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

‘நொண்டல்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லத்தீனில் ‘கிளாடிகாரே’ என்றால் நொண்டுவது. 1831இல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். ஓடவிட்டால் சிறிது நேரத்தில் நொண்டும், நிற்கவிட்டால் சரியாகும், மறுபடி ஓட்டினால் மறுபடி நொண்டும். பின்னங்காலுக்குப் போகும் தமனி அடைத்துக் கிடந்தது. 1858இல் ஷார்கோ அதே பெயரை மனிதருக்கும் எடுத்துக்கொண்டார். குதிரைக்கு வாயில்லை, அது நொண்டுவதை மட்டும்தான் பார்க்க முடியும். நம்மிடம் வருகிறவருக்கு வாய் இருக்கிறது. ‘நடக்கும்போது நொண்டுவீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லியே’ என்பார். சொன்னது உண்மைதான், அவர் நடையை நிறுத்தி நின்றுவிடுகிறார். அந்த ஒரு ‘இல்லியே’யில் நோயாளி நம் கையைவிட்டுப் போய்விடுவார். அதோடு, ‘நொண்டி’ நம் ஊரில் ஏச்சுச் சொல். அதை ஒரு படிவத்தில் அச்சடித்து ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

‘கடைவீதி நோய்’ ஜெர்மானிய வழக்கைப் பார்த்து வந்தது என்று நினைக்கிறேன். கால் வலிக்கும்போது கடையின் கண்ணாடிச் சன்னலை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பார்களாம், அதனால் அவர்களிடம் அப்படி ஒரு பெயர். அங்கே பொருத்தமான பெயர்தான். குழித்துறைப் பாலத்தில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறவருக்குக் கடைவீதி எதற்கு?

‘நடைவலி’யை எளிதில் தள்ள முடியாது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் ஐம்பது தாண்டியவருக்குக் காலில் எது வந்தாலும் ‘வாதம்’ என்று பெயர். மூட்டுத் தேய்வும் வாதம், நரம்பு இழுப்பும் வாதம், தமனி அடைப்பும் வாதம். எண்ணெய் தேய்ப்பார்கள், வர்ம ஆசானிடம் போவார்கள். ஆசான்மார் கையில் மூட்டுவலிக்காரர் பலர் தேறியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அடைத்த தமனிக்குத் தடவல் பயன்படாது, நாள்தான் போகும். ‘நடந்தால் வலிக்குமா?’ என்று கேட்டால் முட்டுத் தேய்ந்தவரும் ஆமாம் என்பார், தமனி அடைத்தவரும் ஆமாம் என்பார். இரண்டையும் பிரிக்காத சொல் ஆய்வுக்கு உதவாது.

இனி ‘கடுப்பு’. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிற ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மேட்டுல ஏறச்சில கெண்டைக்கால்ல கடுக்கு. இத்திரி நின்னா போவும். பின்னயும் ஏறினா பின்னயும் வரும்.” பாடநூலில் உள்ள வரையறை முழுக்க இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. நிற்பது மற்ற ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்று, மரத்தில் கைவைத்து வெட்டுப்பட்டையைக் குனிந்து பார்ப்பதுபோல் நிற்பாராம். சிரட்டையில் பால் விழுகிறதா என்று பார்க்கிற பாவனை. ரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்தபோது கையில் ரத்த அழுத்தம் 140, கணுக்கால் தமனிகள் இரண்டில் கூடுதலாக வந்தது 84. வகுத்தால் 0.60. இந்த விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தாலே தமனி அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

அவர் வாயில் வந்த சொல் கடுப்பு. நமக்கு அது புதிதும் இல்லை. நீர் போகும்போது கடுத்தால் நீர்க்கடுப்பு. அதே வழியில் நடக்கும்போது கடுத்தால் நடைக்கடுப்பு. எந்தப் பாட்டிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், இந்தச் சொல்லோடு வேறு சொற்கள் ஒட்ட வேண்டும். நடைபொறியில் (ட்ரெட்மில்) மணிக்கு 3.2 கி.மீ. வேகத்தில் நடக்கவிட்டு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றத்தை 2 சதவீதம் கூட்டுகிற சோதனை ஒன்று உண்டு. அதில் இரண்டு அளவுகளைக் குறிக்கிறோம். ‘கடுப்பு தொடங்கும் தூரம்’, ‘கடுப்பு தாங்காமல் நிற்கும் தூரம்’ என்றால் பக்கத்தில் நிற்கும் பணியாளருக்கு எதைக் கேட்டு எழுத வேண்டும் என்று தெரியும். ‘நொண்டல் தொடங்கும் தூரம்’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் கேட்கவே மாட்டார், நோயாளியின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதிவாகும் எண்ணே தப்பாகிவிடும்.

‘கடுப்பு’ என்றால் இளைஞர்கள் எரிச்சல் என்று எடுத்துக்கொள்வார்களே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். முன்னால் ‘நடை’ வந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. ‘நீர்க்கடுப்பு’ என்பதை யாரும் கோபம் என்று புரிந்துகொள்வதில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து, மருத்துவர்:

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் நான்கு சிக்கல் இருக்கிறது, இப்போதே பேசிவிடுவது நல்லது.

கிளாடிகேஷன் காலுக்கு மட்டும் உரியதல்ல. பெரிய தமனிகளின் சுவர் அழன்று வீங்கும் ஒரு நோயில், சாப்பிடும்போது தாடை கடுக்கும், மெல்லுவதை நிறுத்தினால் போகும். வயதானவர்களுக்கு வருவது. கவனிக்காமல் விட்டால் கண்பார்வை போய்விடும் என்பதால் இதற்கும் சொல் வேண்டும். ‘நடை’ அங்கே ஒட்டாது.

அடுத்தது முதுகுத்தண்டுக் குழல் சுருங்கி நரம்பு நெருக்கப்படுவது. இவர்களுக்கும் நடந்தால் கால் கடுக்கும். ஆனால் சும்மா நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு அதன் மேல் சாய்ந்து நடந்தால் சுகமாக இருக்கும். பால்வெட்டுக்காரர் குனிந்துதான் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ‘நின்றால் போகுமா, உட்கார்ந்தால்தான் போகுமா’ என்று பிரித்துக் கேட்காமல் விடக்கூடாது. இதற்கு ‘நரம்பு நடைக்கடுப்பு’ என்றும், நம்முடையதற்குத் தேவைப்படும் இடத்தில் ‘தமனி நடைக்கடுப்பு’ என்றும் அடைகொடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நோய் முற்றியபின் படுத்திருக்கும்போதே பாதத்தில் வருகிற வலி. ராத்திரி தூங்க முடியாமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குக் ‘கடுப்பு’ வேண்டவே வேண்டாம், ‘ஓய்வுநிலை வலி’ என்று தனியாக நிற்கட்டும். நடைக்கடுப்புக்காரரை நடக்கச் சொல்கிறோம். ஓய்வுநிலை வலி உள்ளவரையும் பாதத்தில் ஆறாத புண் உள்ளவரையும் உடனே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சொல்லில் இரண்டும் கலந்தால் காலே போகும்.

கடைசியாக, பீடி குடிக்கும் இளவயது ஆண்களுக்கு ரத்தக்குழாய் அழன்று அடைபட்டு வருகிற பர்கர் நோயில் கடுப்பு பல நேரம் கெண்டைக்காலில் வராது, உள்ளங்கால் வளைவில்தான் தொடங்கும். எங்கே கடுக்கிறது என்று குறிக்கச் சொல்லும் படத்தில் பாதத்தின் அடிப்பக்கத்தையும் வரையுங்கள். செருப்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு ஆண்டுகள் போகின்றன.

தக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

டாக்டர் கேட்ட தாடைக்கு ஒன்று சொல்கிறேன். ‘மெல்’ வேண்டாம், ‘மென்கடுப்பு’ என்று திரிந்தால் மெதுவான கடுப்பு என்று ஆகிவிடும். நம் பக்கத்தில் பிள்ளைகளிடம் ‘சவச்சுத் தின்னு’ என்றுதானே சொல்கிறோம். ‘சவைத்தல்’ பழைய சொல்தான். ‘சவைகடுப்பு’ என்று வினைத்தொகையாக வைத்தால் ஒற்று மிகாது, ஆனால் காதுக்கு நன்றாக இல்லை. ‘சவைப்பு’ என்று பெயராக்கி ‘சவைப்புக்கடுப்பு’ என்று எழுதுங்கள். நீர்க்கடுப்பு, நடைக்கடுப்பு, சவைப்புக்கடுப்பு என்று மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

‘இன்டர்மிட்டன்ட்’ என்பதை விட்டுவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. கலைச்சொல் வரையறை முழுவதையும் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நடைக்கடுப்பு எங்களுக்கும் விளங்கும். ஒன்றைக் கவனியுங்கோ, நீங்கள் தமனி, சிரை என்பதை எங்கள் பாடப்புத்தகத்தில் நாடி, நாளம் என்றுதான் படித்தோம். கால் தமனி அடைப்பைப் ‘புறத்தமனி நோய்’ என்று எழுதும் இடத்தில் ‘புறநாடி நோய்’ என்பதையும் ஒருமுறை அருகில் போட்டுவிடுங்கோ.

மார்த்தாண்டத்திலிருந்து, மீண்டும்:

டாக்டருக்கும் டீச்சருக்கும் யாழ்ப்பாண நண்பருக்கும் மிக்க நன்றி. சவைப்புக்கடுப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். புறநாடி நோயும் அருகில் வரும். குனிந்து நின்றதைப் பற்றி டாக்டர் எழுதியது மிகச் சரி, அந்த நோயாளியின் கணுக்கால் அளவு மட்டும் இல்லாதிருந்தால் முதுகையும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கிளாடிகேஷனைக் கண்டறிய 1992இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளின் போக்கை ஒட்டி, கேள்விகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

நடக்கும்போது காலில் கடுப்போ வலியோ வருமா?
சும்மா நிற்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ அது தொடங்குவதுண்டா?
மேட்டில் ஏறினால், அல்லது வேகமாக நடந்தால் வருமா?
சமதரையில் சாதாரண வேகத்தில் நடந்தாலும் வருமா?
நின்றுவிட்டால் 10 நிமிடத்துக்குள் போய்விடுமா, அதற்கு மேலும் இருக்குமா?
எங்கே கடுக்கிறது என்று படத்தில் தொட்டுக் காட்டுங்கள்.

‘உட்கார்ந்தால்தான் போகுமா’ என்பதை இதற்குள் நுழைக்கவில்லை. சரிபார்த்த கேள்வித்தாளில் நாமாக ஒன்றைச் சேர்த்தால் மற்ற ஊர் ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். மருத்துவர் தனியாகக் கேட்கும் பக்கத்தில் அதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

சிகிச்சைப் பகுதியில் ஒரு பத்தியைப் பார்த்துச் சொல்லுங்கள். கடுத்தால் கால் கெட்டுப்போகும் என்று பயந்துதான் பலர் நடையையே விட்டுவிடுகிறார்கள், அதனால் இதை அழுத்தமாக எழுதினேன்: “வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம் எங்கள் கண்முன்னால் நடப்பீர்கள். கடுப்பு வந்ததும் நின்றுவிட வேண்டாம். ஓரளவு கூடும்வரை நடந்து, பிறகு நில்லுங்கள். கடுப்பு போனதும் மறுபடி நடங்கள். இப்படிச் செய்யச் செய்ய, கடுப்பில்லாமல் நடக்கும் தூரம் கூடும். பீடி, சிகரெட்டை முழுதாக விட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. படுத்திருக்கும்போது பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.”

நடைக்கடுப்புக்குக் கொடுக்கும் சிலோஸ்டசால் மாத்திரையை இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையைத் தனி வரியாகப் போட்டிருக்கிறேன்.

இனி இதைத் திரும்ப ஆங்கிலத்தில் ஆக்க ஒருவர் வேண்டும். மூலத்தைப் பார்க்காதவராக, இந்த விவாதத்தையும் படிக்காதவராக இருக்க வேண்டும். ‘நடைக்கடுப்பு’ என்பதை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று தெரிந்தால்தான் படிவத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப முடியும். நாகர்கோவில், தக்கலை பக்கம் அப்படி யாரையாவது தெரிந்தவர்கள் எனக்குத் தனிமடல் போடுங்கள்.