அம்மா ரூம் காலி பண்ணணும்

அண்ணா: அம்மா வர இன்னும் பன்னெண்டு நாள்தான். சின்ன ரூம்ல இருக்கிற பெட்டியெல்லாம் அட்டிக்குக்கு, அதான் கூரைக்கு அடியில இருக்கிற பரணுக்கு ஏத்தணும். சீலிங் ஓட்டையிலேர்ந்து கீழ இழுத்து விரிக்கிற ஏணி ஆடுது. புதுசு வாங்கணும்னா எது நல்லது?

தம்பி: ஆடுறது ஏணியா நீயா

அண்ணி: 😂😂

அம்மா: எனக்காக ஒண்ணையும் தூக்க வேண்டாம். ஓரமா படுத்துப்பேன்

நான்: ஆரம்பிச்சாச்சு

சித்தப்பா: வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடு. தரையிலேர்ந்து சீலிங் வரை உயரம். ஓட்டையோட நீள அகலம். ஏணி விரியுறப்போ முன்னாடி எவ்வளவு இடம் இருக்குன்னும் பாரு, எதிர்ல சுவர் இருந்தா காலை எங்க ஊன்றுவே? ஓட்டை பெரும்பாலும் 22½ அங்குல அகலம், 54 நீளம் இருக்கும். 22½ எப்படி வந்துச்சு தெரியுமா? சீலிங்கைத் தாங்குற மரச்சட்டத்தை 24 அங்குலத்துக்கு ஒண்ணுன்னு அடிப்பான். சட்டத்தோட கனம் 1½. கழிச்சுப் பாரு.

அத்தை: டேய் பரீட்சை வைக்கிறியா

சித்தப்பா: சட்டம் 16 அங்குலத்துக்கு ஒண்ணுன்னா நடுவுல ஒண்ணை வெட்டி, குறுக்கே ரெண்டு கட்டை கொடுக்கணும். ஆனா மேல டிரஸ்ஸா, அதான் கூரையைத் தாங்க டபிள்யூ மாதிரி பின்னின மரச்சட்டமா இருந்தா கை வைக்காதே. அடிச்சட்டத்தை வெட்டினா கூரையே இறங்கும். இன்ஜினியரைக் கேக்காம தொடாதே.

அண்ணா: ஓட்டை ஏற்கெனவே இருக்கு சித்தப்பா. ஒண்ணும் வெட்டலை

சித்தப்பா: அப்ப சரி. உயரம்?

அண்ணா: 9 அடி 1 அங்குலம்

சித்தப்பா: பழைய ஏணில ஸ்டிக்கர் இருக்கும். படிச்சுச் சொல்லு

அண்ணா: 250 பவுண்டு தாங்கும். உயரம் 8 அடி 9 அங்குலம் வரை

சித்தப்பா: அதான்! 4 அங்குலம் குட்டை. கால் தரையில பதியலை, மொத்த பாரமும் கீல்ல தொங்குது

அண்ணி: ஐயோ. அதுக்கு அடியில ஒரு பலகை கிடந்துச்சு மாமா. அசிங்கமா இருக்குன்னு நான்தான் தூக்கி வெளிய போட்டேன் 🙈

தம்பி: கொலை முயற்சி வழக்கு. சாட்சி ஏழு பேர்

அண்ணா: [படம்] மேல ஃபிரேம்ல இப்படி ஸ்க்ரூ இருக்கு

சித்தப்பா: கறுப்பா மெலிசா இருக்கே, அது டிரைவால் ஸ்க்ரூ. சுவர் அட்டையைப் பிடிக்கிறதுக்குத்தான் லாயக்கு. பாரம் வந்தா வளையாது, பட்டுன்னு முறியும். கீல் பக்கம் பாரு, ஒரு ஓட்டை முட்டை மாதிரி நீண்டுபோச்சு, மரத்தூள் உதிர்ந்திருக்கு. இனிமே இதுல யாரும் ஏறாதீங்க. புது ஏணிக்கு, கூட வர்ற தாள்ல சொன்ன லேக் ஸ்க்ரூவை, அதான் பாரம் தாங்குற தடிச்ச ஸ்க்ரூவைத்தான் போடணும்.

அண்ணா: நேத்துகூட ரெண்டு பெட்டியோட ஏறினேன் 😶

அம்மா: ஏண்டா இப்படி

நான்: மரமா அலுமினியமா? அதைச் சொல்லுங்க

சித்தப்பா: மரம் ஆடாது, ஆனா கனம். காலை ரம்பத்தால அளவா அறுக்கணும், தப்பா அறுத்தா மூட்டு திறந்துக்கும். அலுமினியம் லேசு, பல மாடல்ல காலை ஏத்தி இறக்கலாம். 300 பவுண்டுக்குக் குறையாம வாங்கு. உன் எடை மட்டும் இல்ல, கையில இருக்கிற பெட்டியும் சேர்ந்துதான் கணக்கு.

தம்பி: அண்ணனுக்கு 375 போட்டுடுங்க

அத்தை: ஏணி கிடக்கட்டும். டிரங்குப் பெட்டியும் மேலதான் போகுதா?

அண்ணா: ஆமா அத்தை

அத்தை: சாவி யார்கிட்ட

அத்தை: கேட்டேன்

சித்தப்பா: இன்சுலேஷன் பஞ்சை அமுக்கி மேல பலகை அடிச்சுடாதே, அமுங்கினா குளிரையும் சூட்டையும் சரியாத் தடுக்காது. குறுக்கே கட்டை கொடுத்து உயர்த்தி அடி. கூரையோரக் காத்து வழியை அடைக்காதே. ஓட்டை மூடிக்குச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டு.

நான்: அத்தை கேட்டதுக்கு இது பதில் இல்லை சித்தப்பா 😬

அத்தை: விடும்மா. தையல் மெஷின் எங்கன்னு கேட்டப்பவும் இவன் வயரிங் பத்தித்தான் பேசினான்

அம்மா: பழசெல்லாம் எதுக்கு இப்ப

அண்ணா: அப்பா புஸ்தகம் 14 பெட்டி இருக்கு. ஒரு மூலையில மூணு மூணா அடுக்கிடலாம்னு பார்க்கிறேன்

சித்தப்பா: கூடாது. அமெரிக்கக் கட்டட விதில, லேசா சாமான் வைக்கிற பரணுக்கே சதுர அடிக்கு 20 பவுண்டுதான் கணக்கு. சாமானே வைக்காத பரணுன்னா 10. உன் பெட்டி ஒண்ணு 40 பவுண்டு இருக்குமா? பெட்டியோட அடிப்பக்கம் ஒண்ணரைச் சதுர அடின்னு வை. ஒத்தைப் பெட்டிக்கே சதுர அடிக்கு 27 ஆச்சு. நீ மூணு அடுக்கு வைப்பே.

தம்பி: அப்பா புஸ்தகம் அப்பாவை விட கனம்

அம்மா: 😊

அண்ணி: அப்ப புஸ்தகம் எங்க போகும்?

(யாரும் எழுதவில்லை)

அண்ணி: கேட்டேன் 🙂

நான்: நான் நாலு பெட்டி எடுத்துக்கறேன். மீதி தம்பி

தம்பி: என் வீட்ல படுக்கவே இடமில்லை

சித்தப்பா: இன்னொண்ணு. கோடையில அட்டிக் சூடு 55, 60 டிகிரி செல்சியஸுக்குப் போகும். போட்டோ, கேசட், மெழுகுவத்தி, பெயின்ட், ஸ்ப்ரே டப்பா ஒண்ணும் மேல வைக்காதே. ஆல்பம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

அத்தை: ஆல்பம் டிரங்குப் பெட்டிக்குள்ளதானே இருக்கு

அத்தை: சாவியில்லாம எப்படி வெளிய எடுப்பான்

சித்தப்பா: சாவி என்கிட்டதான் இருக்கு. வர்றப்போ கொண்டு வரேன்

அத்தை: அப்படி வா வழிக்கு

நான்: 🍿

அண்ணா: சரி. அலுமினியம், 350 பவுண்டு, 10 அடி வரை போறது ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். சனிக்கிழமை மாட்டலாம். மேலேர்ந்து ஒருத்தர், கீழேர்ந்து ரெண்டு பேர் பிடிக்கணும். யார் யார் வர்றீங்க?

தம்பி: சனியா ஞாயிறா?

அண்ணா: சனி

தம்பி: ஞாயிறுன்னா பார்க்கலாம்

சித்தப்பா: நான் வரேன். ஆனா ஏற மாட்டேன்

அத்தை: நானும் வரேன். பெட்டி திறக்கறப்போ இருக்கணும்

அம்மா: அண்ணி தூக்கிப் போட்டது நல்ல பலகையா?